வலது அக்குளில் ஒன்பது

ஒன்பது. ஒன்பதுன்னுதான் போட்டிருக்கு. கண்ணாடியக் கழட்டி முந்தானையில துடைச்சுட்டுப் பாத்தாலும் ஒன்பதுதான், கைய நீட்டித் தள்ளி வச்சுப் பாத்தாலும் ஒன்பதுதான். போன தடவை ஒண்ணு புள்ளி நாலு. ஆறு மாசத்துல ஒன்பது. 'கவரைப் பிரிக்காதீங்கம்மா, அப்படியே டாக்டர்கிட்ட குடுங்க'ன்னு ஸ்கேன் எடுக்கிற எடத்துல அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லித்தான் குடுத்தா. நான் கேட்டேனா? முப்பது வருஷமா தையல் பிரிக்கிற கை. ஒட்டுன கவர் எம்மாத்திரம்? நகத்தால ஒரு ஓரமாக் கிளப்பி, கிழியாம, சுருங்காம, திருப்பி ஒட்டினா ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி பிரிச்சாச்சு. பிரிச்சதுக்கு இதுதான் கூலி. அவர் பக்கத்துல இருந்திருந்தா விட்டிருக்க மாட்டார். அவர் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கார். இந்த ஆஸ்பத்திரியில தும்முனாக்கூட ஜெராக்ஸ். நான் செத்தாலும் ரெண்டு காப்பி கேப்பாங்க. சீ, வாயக் கழுவு தமயந்தி, என்ன பேச்சு இது காலங்காத்தால. டோக்கன் முப்பத்தெட்டு. உள்ள போயிருக்கிறது இருபத்தொண்ணு. நடுவுல பதினாறு பேரு. அத்தனை பேரும் போயிட்டு வர்ற வரைக்கும் இந்த ஒன்பதை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். ஃபேன் வேற நம்ம தலைக்கு மேல மட்டும் ஓடல.

எழுத்துக் கூட்டுனா இங்கிலீஷ் படிச்சிருவேன், ஆனா எதுக்கு மெனக்கெடணும், எனக்கு நம்பர்தான் பாஷை. உறையூர்ல என் கடை நோட்டை எடுத்துப் பாத்தா மேல பேரு இருக்கும், கீழ வரிசையா நம்பர் இருக்கும், அவ்வளவுதான். பதினாலு, முப்பத்தாறு, ஆறரை, பதினஞ்சு. எது நீளம், எது சுத்து, எது கை, எது ஆம்ஹோல்னு எழுதி வச்சதே இல்ல, வரிசைதான் கணக்கு, கண்ணு தானா எடுத்துக்கும். இந்தப் பேப்பர்லயும் அப்படித்தான் எடுத்துச்சு. ரைட்டு, அப்புறம் ஆக்ஸில்லா. இந்த ரெண்டு வார்த்தையும் டாக்டரம்மா சொல்லிக் குடுத்து மனப்பாடம், வலது அக்குள்னு அர்த்தம். அதுக்கு நேரா ஒன்பது பெருக்கல் அஞ்சு. ஃபைல்ல பழைய பேப்பரை எடுத்து வச்சுப் பாத்தா அதே ரைட்டு, அதே ஆக்ஸில்லா, ஒண்ணு புள்ளி நாலு பெருக்கல் பூஜ்யம் புள்ளி எட்டு. அன்னிக்கு டாக்டரம்மா சொன்னாங்க: 'ஆபரேஷன் பண்ணது இடது பக்கம். இது வலது பக்கம், ஒரே ஒரு நெறி கொஞ்சம் பெரிசாத் தெரியுது. இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துப் பாப்போம். பெரிசாகாம இருந்தா நிம்மதி.' பெரிசாகாம இருந்தா. அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டுத்தான் ஆறு மாசமா மிஷினை மிதிச்சேன்.

இடது பக்கமே என் தப்புதான். வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல, அவருக்கு மட்டும் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முந்தின சித்திரையில என் ஜாக்கெட்டுல இடது ஆம்ஹோல், அதான் கை ஏத்துற வளைவு, பிடிக்க ஆரம்பிச்சுது. வேற எவளா இருந்தாலும் உடம்புல என்னவோன்னு நெனைச்சிருப்பா. நான் டெய்லரு. தையல்ல தப்புன்னு நெனைச்சேன். ச்சே, சொந்த ஜாக்கெட்டையே ஒழுங்காத் தைக்கத் தெரியல, ஊருக்குத் தைக்க வந்துட்டேன்னு என்னையே திட்டிக்கிட்டு, உள்ள விட்ட துணியில கால் இஞ்ச் பிரிச்சு விட்டேன். சரியாப் போச்சு. ரெண்டு மாசத்துல மறுபடி பிடிச்சுது, மறுபடி கால் இஞ்ச். ஆடித் தள்ளுபடியில எடுத்த புதுத் துணிய இடது பக்கம் மட்டும் அரை இஞ்ச் கூட வச்சே வெட்டினேன், அதையும் ஒரு சாமர்த்தியம்னு நெனைச்சுக்கிட்டு. அதுவும் பிடிச்சுது, அதையும் பிரிச்சேன். ஆக மூணு தடவை பிரிச்சு விட்டிருக்கேன். உள்ள ஒரு நெறி கட்டி வளர வளர நான் அதுக்கு எடம் விட்டு எடம் விட்டுத் தைச்சுக் குடுத்திருக்கேன். எத்தனை ஆயிரம் கம்கட்டைச் சுத்தி டேப் பிடிச்ச கை இது. யாருக்கு எங்க ஒரு நூல் ஏறியிருக்கு எறங்கியிருக்குன்னு தொட்டாலே சொல்லிரும். என் கம்கட்டு மட்டும் தெரியல.

அப்புறம் எல்லாம் அவசர அவசரமா நடந்துச்சு. மார்ல சின்னதா ஒண்ணு, அக்குள்ல பெரிசா ஒண்ணு. வெட்டி எடுத்தாச்சு. அக்குள்ல இருந்து பதினாலு நெறி எடுத்தோம், அதுல மூணுல நோய் இருந்துச்சு, பதினொண்ணு சுத்தமா இருந்துச்சுன்னு டாக்டரம்மா பேப்பரைக் காட்டினாங்க. பதினாலுல மூணு. அதையே ராத்திரி பகலாச் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன், ஏதோ நல்லதும் கெட்டதும் பங்கு பிரிச்ச மாதிரி. முடி கொட்டுச்சு, நகம் கறுத்துச்சு, நாக்குல உப்புக் கூடத் தெரியல. அவர் பஸ் டிப்போவுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இஞ்சினைக் கழட்டி மாட்டுன கை. அந்தக் கையால கடையில உக்காந்து என் ஜாக்கெட்டுக்கெல்லாம் ஹூக்குக் கட்டினார். முதல் நாள் கட்டுனதைப் பாக்கணுமே, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுன மாதிரி. 'என்னங்க இது, பொம்பளை போடப் போறா, டயரு இல்ல'ன்னேன். 'பிச்சுக்காம இருக்கணுமா வேண்டாமா?'ன்னார். இப்ப என்னைவிட நல்லாக் கட்டுவார், அதுல ஒரு பெருமை வேற, ஊசியச் சட்டைக் காலர்ல செருகிக்கிட்டு ஒக்காந்திருப்பார். எனக்கு இடது கையில ஊசி குத்தக் கூடாதாம், நெறி எடுத்த பக்கம் புண்ணு வந்தா கை வீங்குமாம். டெய்லருக்கு ஊசி குத்தக் கூடாதாம்! சிரிச்சேன். டாக்டரம்மா சிரிக்கல.

ஒன்பது. திரும்பத் திரும்ப அங்கதான் வந்து நிக்குது, மாட்டிக்கிட்ட நூலு மாதிரி. ஹெப்சிபா டீச்சருக்கு என்ன சொல்றது? போன ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு நேரா கடைக்கு வந்தாங்க. மக பெர்சிஸுக்குக் கல்யாணம், ஜனவரி இருபது, பதினோரு ஜாக்கெட். 'யூகேஜி யூனிஃபார்ம்ல இருந்து அவளுக்கு நீங்கதான் தைச்சிருக்கீங்க தமயந்தி, இதையும் நீங்கதான் தைக்கணும், வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்'னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் என்ன சொன்னேன்? 'பாக்கலாம் டீச்சர்'னேன். என் வாயில அந்த வார்த்தையே வராது. வர்ற துணிய வேண்டாம்னு சொல்ற டெய்லர் உண்டா உலகத்துல? அவங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆகஸ்டுல இருந்து ஜனவரி வரைக்கும் நான் இருப்பேனா, இருந்தாலும் கத்திரி பிடிப்பேனா, மறுபடி சொட்டு சொட்டா மருந்து ஏத்திக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடப்பேனான்னு எனக்கே தெரியாதப்ப, ஒரு பொண்ணு முகூர்த்தத்துக்குப் போடுற ஜாக்கெட்டை எப்படி வாங்கி வைக்கிறது? பாதி வெட்டுன துணியோட நான் படுத்துட்டா அந்தப் புள்ள என்ன பண்ணும்? ஸ்கேன் வரட்டும், வந்ததும் போன் பண்றேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வந்துருச்சு. பண்ண வேண்டியதுதான். 'டீச்சர், வேற எடம் பாருங்க'ன்னு.

படமும் இருக்கு கவருக்குள்ள. கரி பிடிச்ச தோசைக்கல்லு மாதிரி கறுப்பும் சாம்பலும். அதுல ஆம்ஹோல் வளைவு எங்கன்னு தேடுறேன் பாரு, புத்தி போகுமா. நடுவுல அவரைக்கொட்டையாட்டம் ஒண்ணு, ரெண்டு பக்கமும் குட்டியா ப்ளஸ் குறி, நடுவுல புள்ளிப் புள்ளியாக் கோடு. சாக்பீஸ் குறிதான் இது. அவங்களும் என்னை மாதிரி ரெண்டு பக்கம் குறி போட்டு டேப் பிடிச்சிருக்காங்க. படத்துல என்னமோ பெரிசாத்தான் தெரியுது. கீழ ஃபேட்டின்னு ஒரு வார்த்தை இருக்கு. ஃபேட்டுன்னா கொழுப்பு, அது தெரியும். நல்லா இருக்கே, நோயும் சொல்லிட்டு கொழுப்புன்னும் எழுதுவாங்களா? பக்கத்துல முப்பத்தேழாம் டோக்கன், துறையூர்க்கார அம்மா, தலையில துணியக் கட்டிக்கிட்டு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருக்காங்க. 'ஒரு சுளை எடுத்துக்கங்க, வாய் காஞ்சு போயிருக்கு உங்களுக்கு'ன்னாங்க. வாங்கி வாயில போட்டேன், புளிப்பா இனிப்பான்னு தெரியல. முந்தானைய இழுத்துவிட்டு உள்ள கையவிட்டு வலது அக்குளைத் தடவிப் பாத்தேன். மேல, கீழ, விலா எலும்பு ஓரம், கைய மடக்கி, நீட்டி. ஒண்ணும் இல்ல. பஞ்சு மாதிரி இருக்கு. ஒன்பதுன்னா தெரிய வேண்டாமா? ஆனா இந்தக் கைய எப்படி நம்புறது, இதே கைதானே இடது பக்கம் மூணு தடவை பிரிச்சு விட்டுச்சு. கை இல்லங்குது, பேப்பர் இருக்குங்குது. பேப்பருக்குப் படிப்பு ஜாஸ்தி.

'யம்மா, தையக்காரங்களா?'ன்னு துறையூர் அம்மா கேட்டப்பத்தான் பாத்தேன், நான் பாட்டுக்கு பையில இருந்து டேப்பை எடுத்துக் கையில சுத்திக்கிட்டிருக்கேன். கடைக்குப் போனா கழுத்துல, வெளிய வந்தா கடை நோட்டோட பையில, அது இல்லாம நான் இருந்ததில்ல. ஆமாம்மான்னேன். இருபத்தஞ்சு பேரு போயாச்சு. சும்மா, ஒன்பது எவ்வளவு இருக்குன்னு பாப்போம்னு டேப்பை விரிச்சு ஒன்பதுல பெருவிரலை வச்சேன். ஒன்பது இஞ்ச்! முழங்கை வரைக்கும் வர்ற கைக்கு வைக்கிற நீளம். அடி கூறுகெட்டவளே, ஒன்பது இஞ்ச்சுல ஒரு கட்டி அக்குள்ல இருந்தா கைய எறக்கவே முடியாது, சிறகை விரிச்ச கோழி மாதிரிதான் நடக்கணும். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. துறையூர் அம்மா என்னை ஒரு மாதிரிப் பாத்தாங்க. இஞ்ச்சு இல்ல, அப்ப பின்பக்கமா இருக்கும். டேப்போட பின்பக்கத்துல இன்னொரு கணக்கு ஓடுது, நூத்தம்பது வரைக்கும் போகும், முப்பது வருஷத்துல ஒருநாள் அதுல அளந்ததில்ல. திருப்பினேன். அந்தப் பக்கத்து ஒன்பது என் உள்ளங்கை அகலம் வருது. துறையூர் அம்மா கையில இருக்கிற ஆரஞ்சு அளவு. ஆரஞ்சு ஒண்ணு என் கம்கட்டுக்குள்ள இருக்கு, என் கைக்குத் தெரியலியா? இந்த ஜாக்கெட் போன மாசம் தைச்சது, வலது ஆம்ஹோல் லொடலொடன்னு கெடக்கு. ஒரு ஆரஞ்சுக்கு எங்க எடம்? நான் எடமே விடலியே.

அப்பத்தான் கண்ணு நெதானத்துக்கு வந்துச்சு. பின்பக்கத்துல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நடுவுல குட்டிக் குட்டியாக் கோடு. எண்ணிப் பாத்தேன், பத்து கட்டம். அப்ப பழைய பேப்பர்ல ஒண்ணு புள்ளி நாலுன்னா, ஒண்ணு தாண்டி நாலு கோடு. என் நடுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் கூட. சரி. பழைய பேப்பர்ல புள்ளி இருக்கு, புதுப் பேப்பர்ல ஏன் புள்ளி இல்ல? ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல, ஒரு ஜோடிக் கையப் பொருத்திப் பாக்கிற மாதிரி மடியில வச்சேன். நம்பருக்குப் பின்னாடி எழுத்து இருக்கு. இருந்திருக்கு, முதல்ல இருந்தே. என் கண்ணுதான் நம்பரை எடுத்துக்கிட்டு வாலை விட்டுருச்சு, நோட்டுப் பழக்கம். பழசுல சி, எம். புதுசுல எம், எம். ரெண்டும் வேற. எம்மு எம்மு அந்தக் குட்டிக் கோடா இருக்குமோ? அப்படின்னா ஒன்பது கோடு, ஒண்ணுங்கிற நம்பரைக்கூடத் தொடல. அப்படின்னா… வேண்டாம், ரொம்ப ஆசைப்படாதே, ஒருவேளை எம்மு பெரிசா இருந்து தொலைச்சா? மீட்டர்லயும் எம்மு இருக்கே. கடவுளே, எந்த எம்மு இது?

'மிஷினு ரிப்பேராம், மூணு கடை அலைஞ்சு எடுத்தேன். இந்தா டீ, ஆறிருச்சு'ன்னு அவர் வந்து பொத்துன்னு உக்காந்தார். பேப்பரை முந்தானைக்குள்ள தள்ளினேன். அவருக்குத் தெரிய வேண்டாம், அந்த ஒன்பதை அவரும் சுமக்க வேண்டாம். குரலைச் சாதாரணமா வச்சுக்கிட்டு, 'என்னங்க, ஒன்பது எம்.எம்.னா எவ்வளவு?'ன்னேன். ஏன் எதுக்குன்னு கேக்கல மனுஷன். முப்பத்திரெண்டு வருஷம் ஸ்பேனர் பிடிச்சவர். 'ஒன்பதா? ஒன்பது அவ்வளவாப் பொழங்காது. எட்டு உண்டு, பத்து உண்டு, பன்னெண்டு பதிமூணுதான் ஜாஸ்தி. ஒன்பது குட்டி நட்டு'ன்னு சுண்டுவிரலை நீட்டி நகத்தைக் காட்டினார். இடது கை சுண்டுவிரல், ஓரத்துல ஹூக்கு ஊசி குத்துன தழும்பு. 'ஒண்ணு புள்ளி நாலு சென்டிமீட்டர்னா எத்தனை எம்.எம்.?' 'பதினாலு.' 'பதினாலு பெரிசா ஒன்பது பெரிசா?' 'என்னடி இது, எனக்கு வேலைக்கு இன்டர்வியூவா?' 'சொல்லுங்களேன்.' 'பதினாலு ஸ்பேனரைக் கொண்டுபோய் ஒன்பது நட்டுல போட்டா சுத்து சுத்துன்னு சுத்தும், பிடிக்கவே பிடிக்காது. இது ஒரு…' அப்படியே நிறுத்திட்டார். என் மூஞ்சியப் பாத்தார். மடியில டேப்பைப் பாத்தார், முந்தானைக்கு வெளிய எட்டிப் பாக்கிற கவரைப் பாத்தார். 'பிரிச்சுட்டியா?' தலைய ஆட்டினேன். அழுகை வந்துச்சு, அது என்னமோ சிரிப்போட சேந்து மூக்கு வழியா வந்துச்சு. டீ பாதி புடவையில. அவர் பேப்பரை வாங்கி, தூரமா வச்சு, கிட்ட வச்சு, உதட்டை அசைச்சுப் படிச்சார். எழுத்தைத்தான் முதல்ல படிச்சார், நம்பரை அப்புறம். 'எம்.எம்.தான்'னார். 'எம்.எம்.தாண்டி'ன்னு இன்னொரு தடவை சொல்லிட்டு, கர்ச்சீப்பு எடுத்து என் புடவையத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நிமிரல. துறையூர் அம்மா மிச்சம் இருந்த ஆரஞ்சை முழுசா எங்கிட்ட குடுத்துட்டாங்க. இப்ப இனிச்சுது.

ஆனாலும் டாக்டரம்மா வாயால கேக்காம மனசு ஆறல. டெய்லரும் ஃபிட்டரும் சேந்து ஸ்கேன் படிச்சா அது ஸ்கேனா? முப்பது, முப்பத்தொண்ணு, டாக்டரம்மா சாப்பிடப் போனாங்க, வந்தாங்க, முப்பத்தஞ்சு. துறையூர் அம்மா போயிட்டு வந்து 'உள்ள போங்க, நல்லதே சொல்வாங்க'ன்னு என் தோளைத் தொட்டாங்க. 'தமயந்தி கனகசபை'ன்னு நர்சு கூப்பிட்டப்ப அவர்தான் முழங்கையப் பிடிச்சுத் தூக்கிவிட்டார். மறுபடி ஒட்டுன கவரைக் குடுத்தேன். டாக்டரம்மா அதைக் கையில வாங்கினதுமே, 'பிரிச்சுப் பாத்தாச்சா?'ன்னாங்க. 'எப்படி டாக்டர் தெரியும்? நல்லாத்தானே ஒட்டினேன்!' 'நாப்பது பேர்ல ரெண்டு பேருதான் பிரிக்காமக் குடுக்கிறாங்க. நீங்க அந்த ரெண்டு பேர்ல இருப்பீங்கன்னு நான் எதிர்பாக்கல'ன்னுட்டு, என் வலது கையத் தூக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டு அக்குளைத் தடவிப் பாத்தாங்க. அந்தக் கையும் என் கை மாதிரிதான், தொட்டுப் பாத்து அளவு சொல்ற கை. அப்புறம் பேப்பர், படம், பழைய பேப்பர். 'பதினாலு மில்லிமீட்டர் இருந்தது ஒன்பதுக்கு வந்திருக்கு. சுருங்கியிருக்கு, நல்லாவே சுருங்கியிருக்கு. நெறிக்கு நடுவுல கொழுப்பு அப்படியே இருக்குன்னு எழுதியிருக்காங்க, அதுவும் நல்ல அடையாளம். இது சாதாரண நெறி தமயந்தி.' 'கொழுப்பு இருக்கிறது நல்லதா டாக்டர்? இவர் அதுக்குத்தானே என்னைத் திட்டுறார்.' டாக்டரம்மா இந்தத் தடவை சிரிச்சாங்க. 'இனிமே வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன், யாராலயும் முடியாது. ஆனா இன்னிக்கு நல்லா இருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பிப்ரவரியில. அது வரைக்கும் வேலையப் பாருங்க.' பிப்ரவரி. ஜனவரி தாண்டி பிப்ரவரி. நான் கேக்காமலே ஜனவரியத் தாண்டிட்டாங்க.

வெளிய வேப்ப மரத்துக்கு அடியில அவர் வண்டியைக் கூட்டத்துல இருந்து இழுத்துக்கிட்டிருக்கார், யாரோ ஹாண்டிலைக் கோத்து வச்சிருக்காங்க, அவங்க பரம்பரையையே விசாரிச்சுக்கிட்டு இழுக்கிறார். அந்தச் சத்தம்கூட இன்னிக்குக் காதுக்கு நல்லா இருக்கு. வெயிலு சுள்ளுன்னு முதுகுல அடிக்குது, அடிக்கட்டும். பையில இருந்து கடை நோட்டை எடுத்தேன். இத்தனை வருஷத்துல என் பேருக்கு அதுல ஒரு பக்கம் கிடையாது. என் அளவு எனக்குத் தெரியாதான்னு திமிரு. புதுப் பக்கம் திருப்பி மேல தமயந்தின்னு எழுதினேன். இடது ஆம்ஹோல் பதினேழு, ஆபரேஷனுக்கப்புறம் வந்த கை வீக்கத்துக்கும் சேத்து. வலது பதினஞ்சரை. கீழ ஒன்பதுன்னு போட்டு, ஒரு நிமிஷம் நிறுத்தி, பக்கத்துலயே எம்.எம்.னு எழுதினேன். முப்பது வருஷத்துல அந்த நோட்டுல நம்பருக்குப் பின்னாடி எழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் போனை எடுத்து டீச்சருக்குப் போட்டேன். நாலு தடவை அடிச்சு எடுத்தாங்க. 'டீச்சர், தமயந்தி பேசறேன். துணியெல்லாம் எடுத்தாச்சா?' 'எடுத்தாச்சு தமயந்தி… ஆனா நீங்க அன்னிக்கு…' 'அன்னிக்கு வெயிலு ஜாஸ்தி டீச்சர், என்னமோ உளறிட்டேன். பதினொண்ணையும் கொண்டாங்க. அளவு ஜாக்கெட் வேண்டாம், பெர்சிஸையே கூட்டிக்கிட்டு வாங்க, நான் தொட்டு அளக்கணும். ரெண்டு பக்கமும் உள்ள நல்லாத் துணி விட்டுத் தைக்கிறேன். கல்யாணம் ஆகி, புள்ள குட்டி பெத்து உடம்பு போடும்ல, அப்ப வேற எங்கயும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. எங்கிட்டயே கொண்டாரச் சொல்லுங்க டீச்சர். நான் பிரிச்சு விட்டுத் தர்றேன்.'